ஃபைபர் கூண்டின் மேல் சொந்தமாகக் கேரியர் கட்டுவது: எடையை எங்கே இறக்குவது?

பின்தொட்டி:

வணக்கம். என் பிக்கப்பின் பின்தொட்டி மேல் ஃபைபர் கூண்டு போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே கருவிகள் நிறைந்துவிடுவதால் ஏணிக்கும் பைப்புகளுக்கும் இடமில்லை. கூண்டின் மேல் நானே ஒரு கேரியர் செய்து மாட்டலாம் என்றிருக்கிறேன்.

யோசித்து வைத்திருப்பது இதுதான். 25 மி.மீ. இரும்பு ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனம். நீளம் 1.5 மீட்டர், அகலம் 1.3 மீட்டர். சுற்றிலும் சட்டம், நடுவில் நான்கு குறுக்குப் பைப். ஆறு கால்கள், ஒவ்வொரு காலுக்கும் கூரையில் துளை போட்டு 8 மி.மீ. போல்ட். ஏற்றப்போவது ஏணி, பைப், எப்போதாவது ஒரு மூட்டை. எல்லாம் சேர்த்து 40 கிலோவுக்குள் நிற்கும். பின்னால் ஒரு நாள் கூரைக் கூடாரம் போடும் ஆசையும் இருக்கிறது.

நேற்று கூரையைத் தட்டிப் பார்த்தேன். ஓரங்களில் கெட்டியான சத்தம். நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் லேசாக உள்ளே போய்த் திரும்பி வருகிறது. தாங்குமா?

பட்டறைவாசி:

தம்பி, கையால் அழுத்தினாலே உள்ளே போகிற இடத்தில் கால் ஊன்ற வேண்டாம். இன்று தாங்கும், நாளையும் தாங்கும். ஆனால் ஒவ்வொரு குழியிலும் வண்டி குதிக்கும்போது அந்த இடம் மேலும் கீழும் மடங்கிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் வரும், அப்புறம் தண்ணீர் இறங்கும்.

கேரியர் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதன் மேல் ஏறும் எடை எந்த வழியாகக் கீழே போகிறது என்பது. கூரையிலிருந்து கூண்டின் பக்கச் சுவர், அங்கிருந்து தொட்டியின் விளிம்பு, அங்கிருந்து சேஸி. இந்த வழியில் எது பலவீனமோ அதுதான் உங்கள் கேரியரின் பலம். பைப்பின் கனம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடை எங்கே இறங்குகிறது என்று கேட்பவர் குறைவு.

எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு. கூரை வளைந்து பக்கச் சுவராக இறங்கும் தோள்பட்டையில் இரு பக்கமும் நீளமாக ஒரு சேனல் (ப வடிவ உலோகச் சட்டம்) ஓட்டி, அதன் மேல் கால்களை நிறுத்துவது ஒன்று. கூண்டுக்கு உள்ளே ஒரு எலும்புக்கூடு கட்டி, அதன் கால்களைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, கூரையை நடுவில் வைத்து மேலும் கீழும் பிடிப்பது இன்னொன்று. கூண்டையே தொடாமல் வெளிப்பக்கமாகத் தொட்டி விளிம்பிலிருந்து கால்களை எழுப்பி மேலே சட்டம் போடுவது மூன்றாவது. 40 கிலோவுக்கு முதல் வழி போதும். கூடாரம் என்றால் இரண்டாவது அல்லது மூன்றாவது.

ஒன்று மறக்க வேண்டாம். கூண்டு செய்தவர் கூரைக்கு எவ்வளவு எடை சொல்லியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். கேரியரின் சொந்த எடையும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

கணக்கன்:

அண்ணன் சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன்.

25 மி.மீ. இரும்புப் பைப், 2 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. நீங்கள் சொன்ன அளவில் சட்டத்துக்கு 5.6 மீட்டர், குறுக்குக்கு 5.2 மீட்டர், மொத்தம் 10.8 மீட்டர். கால்கள் இல்லாமலே 15 கிலோ. ஏணி ஏறும் முன்பே பதினைந்து கிலோ போய்விட்டது.

அதற்குப் பதில் 40 மி.மீ. அலுமினியப் பைப், அதே 2 மி.மீ. கனம் எடுத்துப் பாருங்கள். மீட்டருக்குச் சுமார் 0.8 கிலோ, மொத்தம் 9 கிலோவுக்குள். அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு நெகிழும் என்பது உண்மைதான். ஆனால் பைப்பின் அளவு 25இலிருந்து 40க்குப் போகும்போது வளைவை எதிர்க்கும் திறன் நாலு மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஆக, இந்த அலுமினியப் பைப் அந்த இரும்புப் பைப்பைவிட ஒன்றரை மடங்கு விறைப்பானது, எடையோ கிட்டத்தட்ட பாதி. கனத்தைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதில்தான் லாபம்.

அடுத்து விசைகள். அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் 50 கிலோ சுமை சுமார் 40 கிலோ அளவுக்கு முன்னால் தள்ளும். அது கூரை மட்டத்துக்கு மேலிருந்து தள்ளுவதால் முன்கால் அழுந்தும், பின்கால் மேலே பிடுங்கும். எடை கீழேதானே அழுத்துகிறது, போல்ட் சும்மா பிடித்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. காற்றும் அப்படித்தான். 100 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 48 கிலோ விசை விழும். 50 கி.மீ. வேகத்தில் அது கால்வாசிதான், 12 கிலோ. அகலமான பலகையை மேலே படுக்கப் போட்டு முன்பக்கம் கட்டாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். முன்முனை லேசாகத் தூக்கினால் போதும், முழுப் பரப்பும் காற்றுக்கு நேராக எழுந்துவிடும்.

சிறுவண்டி:

நான் புதியவன், ஒரு சந்தேகம். ரிவ்நட் (வெளியிலிருந்தே துளைக்குள் விட்டு நசுக்கிப் பொருத்தும் நட்) போட்டால் உள்ளே கை விட வேண்டியதில்லையே, வேலை சீக்கிரம் முடியுமே? ஃபைபரில் அது பிடிக்குமா?

படகுத்துறை:

பிடிப்பது போல இருக்கும். ரிவ்நட் தகரத்துக்காகச் செய்தது. தகரம் நசுங்கி இடம் கொடுக்கும். ஃபைபர் நசுங்காது, நொறுங்கும். துளையின் ஓரத்தில் உள்ள இழைகள் உதிர்ந்ததும் நட் துளைக்குள்ளேயே சுழல ஆரம்பிக்கும். அப்புறம் போல்ட் கழலவும் கழலாது, இறுகவும் இறுகாது. கூண்டின் உள்பக்கம் கை எட்டுகிறது என்றால் முழுப் போல்ட், உள்ளே உலோகப் பட்டை, நைலான் நட். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஃபைபர் படகுகளில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் துளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கூண்டும் படகும் ஒரே பொருள், ஒரே நோய்.

துளை போடும் இடத்தில் முதலில் மறைப்பு டேப் ஒட்டுங்கள், அதன் மேல் குறியிடுங்கள். மேலே பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட். கண்ணாடி போல உடையக்கூடியது. டிரில்லை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டு அந்த மேல்தோலை மட்டும் மெல்லத் தேய்த்து எடுங்கள். வெள்ளைத் தூள் நின்று உள்ளே இழை தெரிய ஆரம்பித்ததும் நேராகச் சுழலவிட்டு இறக்குங்கள். துளை முடிந்ததும் பெரிய பிட் ஒன்றால் துளையின் வாயைக் கூம்பு போல லேசாகச் சரித்துவிடுங்கள். அந்தச் சரிவு இரண்டு வேலை செய்யும். போல்ட் இறுகும்போது ஜெல்கோட் சிலந்தி வலை போல வெடிக்காது. அடைப்பானும் அதில் ஒரு வளையமாக உட்கார்ந்துகொள்ளும்.

அடைப்பான் என்றால் பலரும் சிலிக்கானைத்தான் எடுக்கிறார்கள். காடி போலப் புளித்த வாடை வரும் சிலிக்கான் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அது உலோகத்தை அரிக்கும். உரித்த பிறகும் அந்த இடத்தில் ஒரு படலம் தங்கும், அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பியூட்டைல் டேப் வாங்குங்கள். கருப்பாகவோ சாம்பலாகவோ பசை மாவு போல இருக்கும், வருடக்கணக்கில் இறுகாமல் மெத்தென்றே கிடக்கும். சிறு துண்டை உருட்டிப் போல்ட்டின் கழுத்தில் கூம்பாகச் சுற்றி உள்ளே இறக்குங்கள். இறுக்கும்போது மேலே இருக்கும் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலை சுற்றினால் பசை கிழியும். ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம், மறுநாள் கடைசிச் சுற்று. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் பசை பிதுங்கி வரும். பிதுங்குவது நின்றால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

ஃபைபர் தூசியை லேசாக நினைக்காதீர்கள். முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

நெடும்பாதை:

கூடார ஆசைக்காக எழுதுகிறேன். நானும் கணவரும் கூண்டு மேல் கூடாரம் வைத்து மூன்று வருடமாகப் பயணம் போகிறோம்.

வண்டி நிற்கும்போது கூரை தாங்கும் எடை வேறு, ஓடும்போது தாங்கும் எடை வேறு. நிற்கும் எடை பல மடங்கு அதிகம். இருவர் ஏறிப் படுப்பது நிற்கும் எடைக் கணக்கு. கூடாரம் மட்டும் 50, 60 கிலோ இருக்கும், அது ஓடும் எடைக் கணக்கு. விற்பவர் சொல்லும் பெரிய எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

முதல் கூண்டில் கூரைக்கு மட்டும் போல்ட் போட்டு ஒரு பட்டறையில் கேரியர் மாட்டித் தந்தார்கள். நானூறு கி.மீ. மண்பாதை போய்த் திரும்பியதும் பக்க ஜன்னலின் மேல் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். போல்ட் இருந்த இடம் அப்படியே இருந்தது. கூரை ஆடிய ஆட்டம் முழுவதும் அந்த மூலையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜன்னல் வெட்டிய இடம்தானே சுவரில் நலிந்த இடம். அன்றிரவு மழை வேறு. டார்ச் வெளிச்சத்தில் அந்த விரிசலின் வழியாக ஒரு சொட்டு மெத்தை மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். இன்றும் மழைச் சத்தம் கேட்டால் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது.

இரண்டாவது கூண்டில் உள்ளே எலும்புக்கூடு கட்டினோம். 41 மி.மீ. ஸ்ட்ரட் சேனல் நான்கு கால்கள், தொட்டி விளிம்பில் ஊன்றி, மேலே இரண்டு குறுக்குச் சேனல். கூரை அதன் மேல் சும்மா படுத்திருக்கிறது. உள்ளே அலமாரி தொங்கவிடவும் அதே சேனல் உதவுகிறது. விரிசல் வரவில்லை.

பட்டறைவாசி:

அம்மா சொன்ன ஜன்னல் மூலை விஷயத்தை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். நான் சொன்ன வழியில் பலவீனமான இடம் எது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கேரியரின் கால்கள் ஜன்னலுக்கு நடுவில் வராமல், ஜன்னல்களுக்கு இடையே இருக்கும் முழுச் சுவருக்கு நேர் மேலே வர வேண்டும்.

கூண்டைத் தொட்டியோடு பிடிக்கும் கிளாம்புகளையும் பாருங்கள். மேலே எவ்வளவு பலமாகக் கட்டினாலும் கடைசியில் எல்லாம் அந்த நாலைந்து கிளாம்பில்தான் தொங்குகிறது. கேரியர் வைத்த பிறகு பக்கத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்வது நல்லது.

கேபின் கூரையிலிருந்து கூண்டுக் கூரை வரை ஒரே சட்டமாக ஓட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. சேஸி மேல் கேபின் தனியாக, தொட்டி தனியாக உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பும். கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒரு நாள் மண்பாதையில் பக்கத்திலிருந்து பாருங்கள், புரியும். இரண்டையும் இரும்பால் பிணைத்தால் ஏதோ ஒன்று கிழியும். ஏணி இரண்டுக்கும் மேலாக நீண்டு போகலாம், சட்டம் போகக் கூடாது. ஏணியையும் கேபின் பக்கம் இறுகக் கட்டாமல் கயிற்றால் கொஞ்சம் இளக்கமாகக் கட்டுங்கள்.

பின்தொட்டி:

எல்லோருக்கும் நன்றி. உள்துணியைக் கழற்றிப் பார்த்தேன். கூரையின் நடுவில் மரப்பலகை ஒன்றை வைத்து மேலே ஃபைபர் பூசியிருக்கிறார்கள். தோள்பட்டையில் வெறும் ஃபைபர்தான், ஆனால் கனமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் சேனல் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். கூடாரத்தை இப்போதைக்கு மறந்தாயிற்று. 40 மி.மீ. அலுமினியம்.

இரண்டு கேள்வி. அலுமினியத்தை வெல்டிங் செய்வதா, போல்ட் போடுவதா? தோள்பட்டை வளைவாக இருப்பதால் சேனல் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடுகிறது. என்ன செய்வது?

கணக்கன்:

போல்ட். 6061 ரகம் போன்ற பதப்படுத்திய அலுமினியம் வெல்டிங் சூட்டில் ஜாயின்ட்டின் ஓரத்தில் கிட்டத்தட்ட பாதிப் பலத்தை இழந்துவிடும். மறுபடி சூளையில் பதப்படுத்தாமல் அது திரும்ப வராது. மூலைகளில் 4 மி.மீ. முக்கோணத் தகடு வைத்து போல்ட் போடுங்கள். பைப்பின் குறுக்கே முழுப் போல்ட் விடும்போது உள்ளே ஒரு சிறு குழாய்த் துண்டை வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் இறுக்க இறுக்கப் பைப்பின் சுவர் உள்ளே குழியும், போல்ட் இறுகியதாகவே இருக்காது.

பட்டறைவாசி:

வெல்டிங் மேல் எனக்குப் பிரியம் அதிகம், ஆனாலும் இதில் கணக்கன் பக்கம்தான். இரும்பில் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: துத்தநாகம் பூசிய பைப்பை வெல்டிங் செய்வதென்றால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தப் புகை அன்றிரவே காய்ச்சலில் தள்ளும். பைப்பின் அடியில் சிறு துளை விடுங்கள், உள்ளே தேங்கும் தண்ணீர் வடியட்டும். துரு எப்போதும் உள்ளிருந்துதான் தின்னும்.

படகுத்துறை:

வளைவுக்கு வழி உண்டு, சேனலை வளைக்க வேண்டாம். கூரையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அதன் மேல் எபாக்ஸிப் பட்டியை (கலந்து வைத்தால் இறுகிக் கெட்டியாகும் பசை மாவு) கனமாக வைத்து, சேனலை மட்டம் பார்த்து மெல்ல அழுத்தி, அப்படியே ஒரு நாள் விடுங்கள். பட்டி ஒரு பக்கம் கூரையின் வளைவையும் மறுபக்கம் சேனலின் தட்டையான அடியையும் அச்சாக வாங்கிக்கொள்ளும். காய்ந்ததும் பிரித்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தால் உங்கள் கூரைக்கென்றே செய்த மெத்தை தயார். பிரிக்கும்போது பிளாஸ்டிக்கின் சுருக்கம்கூட அதில் பதிந்திருப்பதைப் பார்ப்பீர்கள், அவ்வளவு துல்லியம்.

உள்பக்கத்திலும் இதே கதைதான். ஃபைபரின் உள்முகம் கரடுமுரடாக இருக்கும். பட்டையை அப்படியே வைத்து இறுக்கினால் இரண்டு மேட்டில் மட்டும் அழுந்தும். அங்கும் கொஞ்சம் எபாக்ஸி பூசி உட்கார வையுங்கள். தனித்தனி வாஷரைவிட 3 மி.மீ. அலுமினியப் பட்டை ஒன்று நீளமாக ஓடுவது நல்லது. முனைகளை உருட்டிவிடுங்கள், கூர்மையான மூலை ஃபைபரை வெட்டும்.

மரப்பலகை உள்ள இடத்தில் துளை போட நேர்ந்தால், துளையைப் பெரிதாகப் போட்டு எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். மரத்துக்குள் ஈரம் போனால் கூரை மெதுவாக அழுகும், வெளியே எதுவும் தெரியாது.

சிறுவண்டி:

ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் போட்டால் அரிக்கும் என்கிறார்களே?

படகுத்துறை:

உப்பும் ஈரமும் சேர்ந்தால் அரிக்கும், அரிபடுவது அலுமினியம். போல்ட்டின் அடியில் நைலான் வாஷர், மரையில் ஆன்ட்டிசீஸ் பசை (மரை ஒட்டிக்கொள்ளாமல் காப்பது). அந்தப் பசைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வேகமாக முறுக்கினால் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். மெஷின் வைக்காதீர்கள், கை ஸ்பேனரால் நிதானமாக. பதறாத காரியம் சிதறாது.

பின்தொட்டி:

மூன்று வாரம் ஆனது, முடித்துவிட்டேன்.

பக்கத்துக்கு ஒரு சேனல், ஒவ்வொன்றிலும் 20 செ.மீ.க்கு ஒரு 6 மி.மீ. போல்ட். ஆறு கால்களும் முழுச் சுவருக்கு நேர் மேலே. பட்டி மெத்தையில்தான் முதல் முறை தவறினேன். சேனலை அதிகமாக அழுத்தியதில் ஒரு முனை மெலிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன், இந்த முறை இரு முனைகளிலும் 5 மி.மீ. மரத்துண்டு வைத்து. டிரில்லை எதிர்ப்பக்கம் சுழலவிட்டது மந்திரம் போல வேலை செய்தது, பதினாறு துளையில் ஒன்றில்கூட ஜெல்கோட் வெடிக்கவில்லை.

பின்கதவை முழுதாகத் திறந்தால் கடைசிக் குறுக்குப் பைப்பில் இடிக்கும் என்பதை நல்லவேளையாக இறுக்கும் முன்பே கவனித்தேன். 6 செ.மீ. முன்னால் தள்ளினேன். மேல் பிரேக் விளக்கும் மறையவில்லை.

கேரியரைப் பிடித்துப் பக்கவாட்டில் உலுக்கினால் கூண்டு தனியாக ஆடாமல் முழு வண்டியும் ஸ்பிரிங்கில் ஆடுகிறது. கூரையின் நடுவில் கை வைத்திருந்த நண்பர் எந்த அசைவும் தெரியவில்லை என்றார்.

ஒரே குறை, 70 கி.மீ. தாண்டினால் விசில் சத்தம்.

நெடும்பாதை:

முன் குறுக்குப் பைப்பில் கயிற்றைத் திருகாகச் சுற்றுங்கள், சுற்றுக்குச் சுற்று ஒரு கை அகல இடைவெளி விட்டு. காற்று ஒரே தாளத்தில் பிரியாமல் சிதறும், விசில் அடங்கும். பைப்பின் திறந்த முனைகளையும் மூடுங்கள், அவையும் புல்லாங்குழல் போல ஊதும். அப்புறம், முதல் 100 கி.மீ.க்குப் பிறகு எல்லா நட்டையும் கிளாம்பையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பின்தொட்டி:

கயிறு சுற்றினேன், முனைகளையும் மூடினேன். விசில் போய்விட்டது.

நட்டுகள் ஒன்றும் இளகவில்லை. கிளாம்பில் இரண்டு இளகியிருந்தன, இரண்டும் கேபின் பக்கம் உள்ளவை. இறுக்கி, பக்கத்துக்கு ஒன்று கூட்டிவிட்டேன். நேற்று இரவு முழுக்க மழை. காலையில் உள்ளே போய் உள்பட்டை நெடுகப் பதினாறு நட்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். விரல் காய்ந்தே இருந்தது.